உடலிலிருந்து பிறந்த ஒட்டு: ஆங்கிலத்தின் ஒப்புமைப் பின்னொட்டுகள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கில இலக்கணத்தைத் தொடக்க நிலையில் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் கூறும் விதி ஒன்றுண்டு. பெயரடையோடு ‘லி’ என்னும் பின்னொட்டைச் சேர்த்தால் வினையடை கிடைக்கும் என்பதே அவ்விதி. ‘ஸ்லோ’ என்றால் மெதுவான; ‘ஸ்லோலி’ என்றால் மெதுவாக. மாணவர்கள் இதனை எளிதில் பற்றிக்கொள்கின்றனர். ஆயின், சில நாள்களிலேயே ‘ஃபிரெண்ட்லி’ என்னும் சொல் அவர்கள்முன் வந்து நிற்கிறது. அது வினையடையன்று, நட்பார்ந்த என்னும் பொருளுடைய பெயரடை. ‘லவ்லி’, ‘ஃபாதர்லி’, ‘எர்த்லி’ ஆகியனவும் அவ்வாறே பெயரடைகள். ‘டெய்லி’ என்னும் சொல்லோ இரண்டு பணிகளையும் செய்கிறது. இவற்றை விதிவிலக்குகள் என்று சொல்லிக் கடந்து செல்வதே நம் வழக்கம்.

மொழி வரலாறு இதற்கு நேர்மாறான செய்தியைத் தருகிறது. விதிவிலக்கு என்று நாம் ஒதுக்கும் ‘ஃபிரெண்ட்லி’யே மூத்தது, விதி என்று நாம் போற்றும் ‘ஸ்லோலி’ அதன் வழிவந்த இளையது. ‘லி’ என்பது முதற்கண் வினையடை ஒட்டே அன்று. ஒப்புமை உணர்த்தி நின்ற ஒட்டு. அதற்கும் முன்னர் அது ஒட்டுக்கூட அன்று. தனித்து நின்று பொருள் தந்த முழுச்சொல். ஒரு முழுச்சொல் எவ்வாறு ஒட்டாகத் தேய்ந்தது, தேய்ந்தபின் எழுந்த குறையை ஆங்கிலம் எவ்வாறு ஈடுசெய்தது, அவ்வரலாறு நம் வகுப்பறைக்கு எவ்வாறு துணைசெய்யும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. உடல் என்னும் சொல்

ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வழங்கிய ஆங்கிலத்தைப் பழைய ஆங்கிலம் என்பர். அம்மொழியில் ‘லீச்’ என ஒலிக்கும் சொல் ஒன்று இருந்தது. உடல் என்பது அதன் பொருள். உயிர் நீங்கிய உடலையும் அது குறித்தது. இச்சொல்லுக்கு உறவான டச்சுச் சொல்லும் ஜெர்மானியச் சொல்லும் இன்றும் பிணம் என்னும் பொருளில் வழங்குகின்றன. ஆங்கிலத்தில் இச்சொல் தனித்து நிற்பது அருகிவிட்டது. ஆயினும், பழைய தேவாலயங்களின் கல்லறைத் தோட்ட வாயிலில் கூரையுடன் அமைந்த நுழைவாயிலை ‘லிச்கேட்’ என்று இன்றும் அழைக்கின்றனர். அடக்கத்திற்குக் கொண்டுவரும் உடலை இறக்கிவைத்துப் பாதிரியாரின் வருகைக்குக் காத்திருக்கும் இடம் அது.

உடலைக் குறித்த இச்சொல் பிற பெயர்களின் பின் நின்று தொகைச்சொற்களை உருவாக்கியது. நண்பன் என்னும் சொல்லோடு சேர்ந்தபோது, நண்பனின் உடலை, அதாவது வடிவை உடையது என்னும் பொருளைத் தந்தது. தந்தை, விண், மண் ஆகிய சொற்களோடும் அவ்வாறே சேர்ந்தது. இன்றைய ‘ஃபிரெண்ட்லி’, ‘ஃபாதர்லி’, ‘ஹெவன்லி’, ‘எர்த்லி’ ஆகியவை அவ்வாறு பிறந்தவை. தமிழிலக்கணம் கற்றோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. பொற்றொடி என்பது தொடியைக் குறிக்காது தொடியணிந்தவளைக் குறிப்பதுபோல, இச்சொற்களும் உடலைக் குறிக்காது அவ்வுடலை உடையதைக் குறித்தன. நாம் அன்மொழித்தொகை என்று வகுத்த வாய்பாடே இது.

காலப்போக்கில் இத்தொகையின் பின்னுறுப்பு தன் தனிப்பொருளை இழந்தது. வடிவை உடைய என்பது போன்ற எனவும், போன்ற என்பது தன்மையுடைய எனவும், தன்மையுடைய என்பது சார்ந்த எனவும் பொருள் விரிந்தது. பொருள் விரிய விரிய ஒலி சுருங்கியது. அழுத்தம் பெறாத அசையாகி, ஈற்று மெய்யும் உதிர்ந்து, இறுதியில் ‘லி’ என்னும் சிற்றசை மட்டும் எஞ்சியது. இங்கிலாந்தின் வடபகுதியில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியில் இதே ஒட்டு வேறு ஒலிவடிவில் வழங்கியதும் இத்தேய்வுக்குத் துணைசெய்தது.

இவ்வுடற்சொல் முற்றிலும் அடையாளம் தெரியாதவாறு மறைந்திருக்கும் இடங்களும் உள. ‘சச்’, ‘விச்’, ‘ஈச்’ என்னும் மூன்று சொற்களை நாள்தோறும் நாம் பயன்படுத்துகிறோம். அவற்றின் ஈற்றில் ஒலிக்கும் சகரம் அப்பழைய ‘லீச்’ என்பதன் எச்சம். ‘சச்’ என்பதன் மூலப்பொருள் அவ்வடிவினது. ‘விச்’ என்பதன் மூலப்பொருள் எவ்வடிவினது. தமிழின் அத்தகைய, எத்தகைய என்னும் சொற்களில் சுட்டும் வினாவும் தகை என்னும் சொல்லோடு சேர்ந்து நிற்பதை இங்கு ஒப்புநோக்கலாம்.

2. பெயரடை வினையடையான வரலாறு

பழைய ஆங்கிலத்தில் பெயரடையிலிருந்து வினையடையை ஆக்க எளிய வழி ஒன்றிருந்தது. சொல்லின் ஈற்றில் ஓர் எகரத்தைச் சேர்த்தால் போதும். ‘லி’யின் மூதாதையான பெயரடை ஒட்டும் இவ்விதிக்கு உட்பட்டு எகரம் ஏற்று வினையடையாயிற்று. ஆகவே, வினையடைப் பணியைச் செய்தது அந்த எகரமே, உடற்சொல் அன்று.

எகரம் நிலைக்கவில்லை. கவிஞர் சாசர் 1400ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய செய்யுள்களில் ஈற்று எகரம் இன்னும் அசையாக ஒலித்தது. அதன்பின் வந்த நூற்றாண்டிற்குள் அவ்வொலி பேச்சிலிருந்து மறைந்தது. அது மறைந்தவுடன் பெயரடையும் வினையடையும் ஒரே வடிவம் பெற்றன. ‘ஃபாஸ்ட்’ என்னும் சொல் விரைவான எனவும் விரைவாக எனவும் இன்றும் இரு பொருளில் நிற்பது இதனாலேயே. வேறுபாடு காட்ட ஒட்டு ஒன்று தேவைப்பட்டது. எகரத்தோடு நெடுங்காலம் சேர்ந்து வினையடையில் பயின்ற ‘லி’ அவ்விடத்தை ஏற்றது. ஒப்புமையை உணர்த்தப் பிறந்த ஒட்டு, வினை நிகழும் முறையை உணர்த்தும் ஒட்டாயிற்று.

இம்மாற்றம் ஒரே நாளில் முடியவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் ‘லி’ சேராத வடிவம் வினையடையாக வருவது இயல்பான வழக்கு. 18ஆம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியர்களே அதனைப் பிழையென்று விலக்கினர். 1762ஆம் ஆண்டில் ஆங்கில இலக்கணத்திற்கு ஒரு சிறு அறிமுகநூல் எழுதிய ராபர்ட் லௌத் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். பெயரடையை வினையடையாக ஆள்வது முறையன்று என்பது அவர் கருத்து. பள்ளிகளில் பரவிய இக்கருத்தே இன்றைய விதிக்கு வலுச்சேர்த்தது.

பழைய வடிவமும் புதிய வடிவமும் அருகருகே நின்றபோது சில இடங்களில் பொருள் பிரிந்தது. ‘ஹார்ட்’ என்பது கடுமையாக என்னும் பொருளில் நிலைத்தது. ‘ஹார்ட்லி’ என்பதும் முன்னர் அப்பொருளையே தந்தது. பின்னர் அரிதாக, இல்லை என்னும்படியாக என்னும் பொருளுக்கு மாறியது. ஒருவர் ‘ஹார்ட்லி’ உழைக்கிறார் என்பதைக் கடினமாக உழைக்கிறார் என்று மொழிபெயர்க்கும் மாணவன் விதியை மறந்தவனல்லன். விதியை மட்டுமே அறிந்தவன். ‘லேட்’ என்பது தாமதமாக எனவும், ‘லேட்லி’ என்பது அண்மைக்காலத்தில் எனவும் நிற்பதும் இவ்வகையே.

3. மீண்டும் முளைத்த சொல்

‘லி’ வினையடைக்குச் சென்றபின் ஒப்புமைப் பொருள் ஆதரவற்று நின்றது. ‘காட்லி’ என்னும் சொல்லைக் காண்க. கடவுளை ஒத்த என்பதன்று அதன் வழக்குப்பொருள். இறைநெறியில் ஒழுகுகின்ற என்பதே பொருள். அப்படியாயின், கடவுளை ஒத்த என்பதைக் கூறுவது எவ்வாறு?

ஆங்கிலம் தன் பழைய வேரையே மீண்டும் நாடியது. உடற்சொல்லின் முன் உடன்மை உணர்த்தும் முன்னொட்டு ஒன்று சேர்ந்து, ஒரே வடிவுடைய என்னும் பொருளில் பழைய ஆங்கிலத்திலேயே ஒரு பெயரடை இருந்தது. அம்முன்னொட்டு உதிர்ந்து நின்ற வடிவமே இன்றைய ‘லைக்’. இது தனிச்சொல்லாக நின்று அழுத்தம் பெற்றதால், இதன் நெடில் உயிர் 15ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கில நெடில்களில் நிகழ்ந்த பெருமாற்றத்திற்கு உட்பட்டு ஐகாரமாயிற்று. அழுத்தம் இழந்த உடன்பிறப்போ ‘லி’ எனக் குறுகிக் கிடந்தது. ஒரு வேர், இரண்டு வாழ்வு.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் இந்த ‘லைக்’ பெயர்களின் பின் நின்று புதிய சொற்களை ஆக்கத் தொடங்கியது. ‘வார்லைக்’, ‘காட்லைக்’, ‘சைல்ட்லைக்’ ஆகியவை அவ்வாறு எழுந்தவை. முன்னர் ‘லி’ சென்ற அதே பாதையில் ‘லைக்’ இரண்டாம் முறை நடந்தது. இன்றும் எப்பெயரோடும் தடையின்றிச் சேரும் ஆற்றல் இதற்கு உண்டு. தேய்ந்துபோன ஒட்டுக்கு மாற்றாக அதன் மூலச்சொல்லையே மீண்டும் ஒட்டாக்கிக்கொண்ட இந்நிகழ்ச்சி, மொழி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் முறைக்குத் தெளிவான சான்றாகும்.

4. சாரலும் சாடலும்: ‘இஷ்’ என்னும் ஒட்டு

ஒப்புமை உணர்த்தும் மற்றொரு பழைய ஒட்டு ‘இஷ்’. இதன் முதற்பணி இனத்தையும் நாட்டையும் சார்ந்தமை காட்டுவது. ஆங்கிள் என்னும் இனத்தாரைச் சார்ந்தது ‘இங்கிலிஷ்’. டேன் இனத்தாரைச் சார்ந்தது ‘டேனிஷ்’. ‘ஃபிரெஞ்சு’, ‘வெல்ஷ்’ என்னும் பெயர்களிலும் இவ்வொட்டே சுருங்கிக் கிடக்கிறது. இவற்றில் இகழ்ச்சி சிறிதும் இல்லை.

மாந்தரையும் பண்பையும் குறிக்கும் பெயர்களோடு இது பயின்றபோது நிலை மாறியது. ஒன்றைச் சார்ந்திருத்தல் என்பது, சாரத் தகாததைச் சார்ந்திருத்தல் என்னும் குறிப்பை ஏற்றது. ‘சைல்டிஷ்’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் குழந்தைக்குரிய என்று மட்டுமே பொருள்பட நின்றது. பின்னர் வளர்ந்தவரிடம் காணப்படும் சிறுபிள்ளைத்தனத்தைச் சாடும் சொல்லாயிற்று. ‘சைல்ட்லைக்’ தோன்றியபின் பிரிவினை முழுமை பெற்றது. கள்ளமற்ற உள்ளத்தைப் புகழ ஒன்று. பொறுப்பின்மையைப் பழிக்க மற்றொன்று. குழந்தை என்னும் பெயர் இரண்டிலும் ஒன்றே. தீர்ப்பு வழங்குவது ஒட்டு.

இவ்வேறுபாடு ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. அதன் உறவுமொழியான ஜெர்மனில் ‘கிண்ட்’ என்றால் குழந்தை. ‘கிண்ட்லிஷ்’ என்பது குழந்தையியல்பைக் குறிக்க, ‘கிண்டிஷ்’ என்பது பழிப்பைக் குறிக்கிறது. பெண்ணைக் குறிக்கும் சொல்லிலும் ஆங்கிலத்தில் இப்பிரிவு உண்டு. ‘உமன்லி’ என்பது பாராட்டு. ‘உமனிஷ்’ என்பது பெரும்பாலும் ஓர் ஆணை இழித்துரைக்க ஆளப்பட்ட சொல். ‘மேனிஷ்’ என்பதோ ஆண்போல் நடப்பதாகக் கருதப்பட்ட பெண்ணைப் பழிக்க எழுந்தது. யார் எவ்வாறு இருத்தல் வேண்டும் என ஒரு சமுதாயம் எண்ணியதை இச்சிறு ஒட்டுகள் நூற்றாண்டுக் கணக்கில் சுமந்து வந்துள்ளன.

14ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் ‘இஷ்’ நிறப்பெயர்களோடும் சேரத் தொடங்கியது. ‘ரெட்டிஷ்’ என்றால் முழுச்சிவப்பு அன்று. சிவப்பின் சாயல் உடையது. இதிலிருந்தே ஏறத்தாழ என்னும் பொருள் கிளைத்து, 20ஆம் நூற்றாண்டில் அகவையோடும் மணிக்கணக்கோடும் சேர்ந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பேச்சுவழக்கில் ‘இஷ்’ என்பதே ஓரளவுக்கு என்னும் பொருளில் தனித்தும் ஒலிக்கலாயிற்று. ‘லி’ சொல்லிலிருந்து ஒட்டாக இறங்கியது. ‘இஷ்’ ஒட்டிலிருந்து சொல்லாக ஏறியது.

நம் மாணவர்க்கு இவ்விரு பொருளையும் விளக்க மலாய்மொழி அருமையான சான்று தருகிறது. ‘மேரா’ என்னும் சிவப்பை இரட்டித்து முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்தால் வரும் ‘கெமேரா-மேராஹான்’ செந்நிறச் சாயலைக் குறிக்கிறது. அதே வாய்பாட்டில் ‘பூடாக்’ என்னும் சிறுவன் சொல்லிலிருந்து வரும் ‘கெபூடாக்-பூடாக்கான்’ சிறுபிள்ளைத்தனத்தைக் குறிக்கிறது. ஆங்கிலத்தோடு எவ்வுறவும் இல்லாத மொழியில், நிறத்தின் சாயலும் நடத்தையின் பழிப்பும் ஒரே வடிவில் இணைந்து நிற்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

5. அயல் சென்று மீண்ட ஒட்டும், அறிவியல் தந்த ஒட்டும்

‘இஷ்’ என்பதற்கு அயல்நாட்டில் வளர்ந்த உடன்பிறப்பு ஒன்றுண்டு. ஜெர்மானிய மொழிகளிலிருந்த இதன் மூலவடிவம் பிற்கால இலத்தீனுள் புகுந்து, இத்தாலியத்தில் ‘எஸ்கோ’ என வளர்ந்து, பிரெஞ்சு வழியாக ‘எஸ்க்’ என ஆங்கிலத்திற்குத் திரும்பியது. ஓவியத்திற்குரிய என்னும் பொருளுடைய ‘பிக்சரெஸ்க்’ 18ஆம் நூற்றாண்டில் பெருவழக்குற்றது. வில்லியம் கில்பின் வை ஆற்றங்கரைக் காட்சிகளைப் பற்றி 1782ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், இயற்கையை ஓவியக் கண்ணால் காணும் சுவையைப் பரப்பியது. கலையின் வழியே வந்ததால், இவ்வொட்டு பெரும்பாலும் நடையின் ஒப்புமையையே குறிக்கிறது. எழுத்தாளர் காஃப்காவின் பெயரோடும் நடிகர் சாப்ளினின் பெயரோடும் இது சேரும்போது, அவர்தம் படைப்பின் சாயல் என்பதே பொருள். ஒரே வேரிலிருந்து பிறந்தும், வீட்டில் வளர்ந்தது பழிப்பை ஏற்றது. வெளிநாடு சென்று கலைஞரோடு பழகியது பெருமையை ஏற்றது.

அறிவியலாளர் கிரேக்கத்தை நாடினர். வடிவம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஆய்ட்’ என்னும் ஒட்டு வந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே 1801ஆம் ஆண்டில் சீரிஸும், 1802ஆம் ஆண்டில் பாலஸும் கண்டறியப்பட்டன. தொலைநோக்கியில் அவை விண்மீன்போல் ஒளிப்புள்ளிகளாகவே தோன்றியமையால், வில்லியம் ஹெர்ஷல் 1802ஆம் ஆண்டில் விண்மீன் போன்றவை என்னும் பொருளில் ‘ஆஸ்டிராய்ட்’ என்னும் பெயரை முன்வைத்தார். அவை விண்மீன்கள் அல்ல என்பதை அவர் நன்கறிவார். தோற்றம் ஒன்று, பொருள் வேறு என்பதையே அப்பெயர் உரைக்கிறது. ஆங்கிலேயர் உடலைக் கொண்டு சொன்னதைக் கிரேக்கர் வடிவைக் கொண்டு சொன்னார்கள்.

6. உடல், உள்ளம், ஆதல்

வினையடையை ஆக்கப் பிறமொழிகள் எவ்வேரை எடுத்தன என்று காண்பது இவ்வரலாற்றை மேலும் விளக்கும். பிரெஞ்சும் இசுபானியமும் இத்தாலியமும் இலத்தீனில் உள்ளத்தைக் குறித்த சொல்லை எடுத்தன. தெளிந்த உள்ளத்தோடு என்னும் தொடரே நாளடைவில் தெளிவாக என்னும் ஒற்றைச் சொல்லாயிற்று. இசுபானியத்தில் இரண்டு வினையடைகள் அடுத்து வரின், இறுதிச் சொல் மட்டுமே அவ்வொட்டை ஏற்கும். ஒட்டு ஒருகாலத்தில் தனிச்சொல்லாக இருந்தமைக்கு அது இன்றும் காணத்தகும் தடயம்.

தமிழ் எடுத்த வேர் உடலுமன்று, உள்ளமுமன்று. விரைவாக, அழகாக என்பவற்றின் ஈற்றில் நிற்பது ஆகு என்னும் வினையின் எச்சம். விரைவான, அழகான என்பவற்றிலும் அதுவே. போல, ஒப்ப, நிகர்ப்ப என்னும் உவம உருபுகளும் வினையடியாகப் பிறந்தவையே. தொல்காப்பியர் முப்பத்தாறு உவம உருபுகளைத் தொகுத்தார். நன்னூலார் பன்னிரண்டை எடுத்துரைத்துப் பிறவும் உண்டென்றார். உவமை தோன்றும் வகைகளைத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறது. இவற்றுள் மெய் என்பது வடிவு. உடலைக் குறிக்கும் சொல்லே வடிவொப்புமைக்கும் பெயராவதைப் பழைய ஆங்கிலத்தின் உடற்சொல்லோடு ஒப்பிட்டு மகிழலாம்.

மகிழலாம், ஆனால் உறவு கற்பிக்கலாகாது. ஒலியோ பொருளோ ஒத்திருப்பது கண்டு ஒரு மொழி மற்றொன்றிலிருந்து பிறந்தது என முடிவுகட்டுவது ஆராய்ச்சியன்று. ‘ஆய்ட்’ என்னும் ஒட்டு நமக்குக் கற்பிக்கும் பாடமும் இதுவே: ஒத்திருத்தல் வேறு, ஒன்றாயிருத்தல் வேறு. ஒன்றைப்போல் மற்றொன்று உள்ளது எனச் சொல்ல விழையும் மனிதன், கண்முன் நிற்கும் உடலையும் வடிவையும் முதலில் நாடுவது பொதுவியல்பு. தமிழும் ஆங்கிலமும் சந்திக்கும் இடம் அவ்வியல்பே.

7. வகுப்பறைக்கு இதனாற் பயன்

இவ்வரலாறு மொழிபெயர்ப்பிற்கு நேரடியாகப் பயன்படும். ஆங்கிலத்தில் ‘லி’ கண்டவிடமெல்லாம் தமிழில் ‘ஆக’ சேர்ப்பது இன்று பரவலாகக் காணப்படும் பிழை. பெயரைத் தழுவிய ‘லி’யா, வினையைத் தழுவிய ‘லி’யா என வினவும் பழக்கத்தை மாணவரிடம் வளர்த்தல் வேண்டும். அடிச்சொல் பெயராயின், தந்தை, நண்பன் என்பனபோல, ‘லி’ பெரும்பாலும் பெயரடையை ஆக்கும். அடிச்சொல் பெயரடையாயின் பெரும்பாலும் வினையடையை ஆக்கும். விதிவிலக்குப் பட்டியலை மனப்பாடம் செய்வதினும் இவ்வொரு வினா மிகுந்த பயன் தரும்.

ஒட்டின் மதிப்புப் பொருளையும் கருதுதல் வேண்டும். ‘சைல்டிஷ்’, ‘சைல்ட்லைக்’ ஆகிய இரண்டையும் குழந்தை போன்ற என ஒரே தொடரால் பெயர்த்தால், பழிப்பும் புகழும் ஒன்றாகிவிடும். முன்னதற்குச் சிறுபிள்ளைத்தனமான என்பதும், பின்னதற்குக் குழந்தையுள்ளம் கொண்ட என்பதும் பொருந்தும். தனம் என்னும் நம் ஒட்டும், கெட்டிக்காரத்தனம் என நன்மைக்கு வந்தாலும், சிறுபிள்ளைத்தனம், முட்டாள்தனம் எனப் பழிப்பின் பக்கம் சாய்ந்து நிற்பதை மாணவர் உணர்வர். பயிற்சியேட்டில் ஒரு மாணவனைப் பற்றி ஆசிரியர் எழுதும் சொல்லில் அவனைப் பாராட்டுவதா பழிப்பதா என்பதை முடிவுசெய்வது சிற்சில வேளைகளில் அந்த ஈற்றசையே.

பின்னொட்டுகளை உயிரற்ற உறுப்புகளாகக் கருதிப் பட்டியலிடுவது கற்பித்தலுக்கு எளிது. எனினும் அவை ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் மக்கள் வாயில் முழுப்பொருளோடு வழங்கிய சொல்லாகவோ, ஓரினத்தின் பெயரோடு பயின்ற உறுப்பாகவோ இருந்தவை. அடுத்தமுறை ‘ஃபிரெண்ட்லி’ என்னும் சொல் விதிக்கு அடங்கவில்லையே என மாணவன் ஒருவன் கேட்டால், அதனை விலக்கு என்று ஒதுக்காமல், நண்பனின் வடிவை உடையது என்னும் அதன் மூலப்பொருளை எடுத்துரைப்போமாக.